ஆக்லாந்தில் நாதன் இலக்கணம்

என் செருப்பைக் கழுவித் தந்த முதல் அரசாங்க ஊழியரை ஆக்லாந்து விமான நிலையத்தில்தான் சந்தித்தேன். இளைஞர். இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை குத்தியிருந்தார். பெட்டியைத் திறந்து பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்தார், ஊறுகாய் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு செருப்பின் அடியில் ஒட்டியிருந்த துளி மண்ணைக் கண்டுபிடித்து, அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது செருப்பு பளிச்சென்று இருந்தது; கடையில் வாங்கிய நாளில்கூட அப்படி இருந்ததில்லை. வெளிமண் இந்த நாட்டுக்குள் வரக்கூடாதாம். அதையும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

நான் வந்தது ஆபீஸ் வேலையாக. சென்னையில் ஒரு பழைய ஆங்கிலேயப் பதிப்பகத்தின் கிளையில் பள்ளிப் பாடநூல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆசிரியர் குழுவில் கடைசி நாற்காலியில் சேர்ந்தவள், இப்போது முதல் நாற்காலி. பதிப்பகத்தின் பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு புத்தகமாவது இருக்கும். எங்களுக்குள் அது எப்போதும் "லண்டன் கம்பெனி"தான். இந்த வருஷம் அது தன் சரித்திரத்தைக் கொண்டாடுகிறது. கிளைக்குக் கிளை கண்காட்சி, விழா, பிறகு ஒரு பெரிய சரித்திரப் புத்தகம். ஆக்லாந்து விழாவில் சென்னைக் கிளையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஓட்டல் வேண்டாம், எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள் தவமலர். ஆக்லாந்து ஆபீஸில் அச்சுப் பணிகளைக் கவனிக்கிறவள். பூர்வீகம் யாழ்ப்பாணம், வீடு ஹில்ஸ்பரோ. பல வருஷமாகப் ஃபோனில் சண்டை போட்டே நெருங்கிவிட்டோம். வேலை நாள் என்பதால் விமான நிலையத்துக்கு வர முடியவில்லை. ஒனேஹங்கா பஸ்ஸைப் பிடித்து வரச் சொன்னாள். நான் பார்க்க அழகாக இருந்த ஆரஞ்சு நிறப் பஸ்ஸில் ஏறினேன். அது நேர் எதிர்த் திசையில் போகிற பஸ்.

கடைப் பலகைகளில் பஞ்சாபியும் இந்தியும் தலைகாட்ட ஆரம்பித்ததும்தான் சந்தேகம் வந்தது. இறங்கினேன். பாபடோயிட்டோய் என்றார்கள். துணிக்கடை, நகைக்கடை, மிட்டாய்க்கடை, நடுவில் ஒரு பல் டாக்டர். பாண்டி பஜாரில் ஒரு துண்டை வெட்டி, கூட்டத்தையும் ஹாரனையும் எடுத்துவிட்டு, நாலு பக்கமும் வானத்தை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஃபிஜி இந்தியப் பெண் ஒருவர் நடத்திய கடையில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் தவமலருக்குப் ஃபோன் செய்தேன்.

"அக்கா, மூலையில ஒரு டெய்ரி இருக்கும். அதில நில்லுங்கோ, நான் வாறன்" என்றாள்.

நான் பால் டிப்போவைத் தேடி மூலைக்கு மூலை அலைந்தேன். கடைசியில் அவள் கார் என் பக்கத்தில் வந்து நின்றது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டிக்கடையைக் காட்டினாள். சிகரெட், பேப்பர், ரொட்டி, ஐஸ்கிரீம் விற்கிற கடை. இங்கே அதற்குத்தான் டெய்ரி என்று பேர். அன்றைக்குச் சாப்பாடு பிட்டும் மீன் குழம்பும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் வாசலில் ஒரு கூடை ஃபீஜோவா பழத்தை வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார். கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தம் போல வாசனை. அந்த மாதம் ஊரே அந்தப் பழத்தை யார் தலையிலாவது கட்டப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனோம். கண்காட்சி தயாராகிவிட்டிருந்தது. சுவர் நெடுக ஆளுயரப் பலகைகள்.

எங்கள் கம்பெனிக் கதையைக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர, இப்படி வரிசையாகப் பார்த்ததில்லை. லண்டனில் ஒரு தேவாலயத்துப் பின்சந்தில் ஜெபப் புத்தகங்களுக்கு அட்டை கட்டிக்கொடுத்த ஒரு தொழிலாளி. அட்டை கட்டுகிறவன் உள்ளே இருக்கிற தாளையும் ஏன் தானே அச்சடிக்கக் கூடாது என்று கேட்டவள் அவர் மனைவி. பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கும் சின்னப் புத்தகத்தில் ஆரம்பித்தார்கள். அவர்கள் மகன் காலத்தில் கப்பல் போகிற இடமெல்லாம் புத்தகம் போயிற்று. தகரம் அடித்த மரப்பெட்டிகளில், ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்பி. மெட்ராஸுக்கு ஒரு பெட்டி, ஆக்லாந்துக்கு ஒரு பெட்டி. துறைமுகத்தில் கயிறும் நங்கூரமும் விற்கிற கடையின் மாடி அறையில்தான் ஆக்லாந்துக் கிளை தொடங்கியிருக்கிறது. பிறகு போர். லண்டன் கிடங்கில் குண்டு விழுந்து, புத்தகமும் அச்சடிக்கிற ஈயத் தகடும் ஒரே இரவில் போயின. அச்சடிக்கக் காகிதம் இல்லை. உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் புத்தகத்துக்குக் காத்திருந்தன.

அதற்கு அடுத்த பலகை முன்னால்தான் நின்றுவிட்டேன்.

கம்பெனியைக் காப்பாற்றிய புத்தகம் என்று அதில் போட்டிருந்தது. கே. வி. நாதன் எழுதிய ஆங்கில இலக்கணம். போருக்குப் பின் வந்த மோசமான வருஷங்களில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எங்கும் விற்று, கம்பெனியை மூடாமல் வைத்திருந்தது அந்த ஒரு புத்தகம். இந்த ஊர்ப் பள்ளிகளில் இலக்கணப் பாடத்துக்கே "நாதன்" என்றுதான் பெயராம். கீழே பேனாவில் வரைந்த படம்: பைப் புகைக்கும் ஓர் ஆங்கிலேயர், காலடியில் நாய். "இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று நம்பப்படுகிறது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாதன் டெவன்காரர் இல்லை. அவர் திருவல்லிக்கேணியில் குடியிருந்த கு. விசுவநாதன். எங்கள் மெட்ராஸ் கிளையில் ஆசிரியராக இருந்தவர். விசுவநாதனை லண்டன்காரர்கள் இரண்டாக வெட்டி, முன்பாதியை ஓர் எழுத்தாக்கி, பின்பாதியை மட்டும் அட்டையில் போட்டார்கள். இந்தியப் பெயர் போட்டால் ஆங்கில இலக்கணம் விற்காது என்று கணக்கு. அவர் படம் இன்னும் எங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. அவரோடு வேலை பார்த்தவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். சென்னை ஆபீஸில் இது யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

சென்னைக்கும் ஒரு பலகை இருந்தது, கடைசியில், தீயணைக்கும் கருவிக்குப் பக்கத்தில். "உலகக் கிளைகளுக்குக் குறைந்த செலவில் பக்கங்களை வடிவமைத்துத் தரும் சேவை மையம்." அவ்வளவுதான். நாங்கள் நேற்றுப் பிறந்தவர்கள் போல.

சரித்திரத்தை எழுதுகிறவர் ஆலிவர் என்பவர். விழாவுக்காக லண்டனிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. கெட்ட மனிதர் இல்லை. நான் படபடவென்று சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். பிறகு, ஒப்பந்தப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். லண்டனில் அந்தக் காலத்துக் காகிதங்கள் போரிலும் ஆபீஸ் மாற்றியதிலும் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் இருந்தவற்றைக் கரையான் பார்த்துக்கொண்டது. சுவரில் ஒரு படம் இருப்பது அவர்தான் நாதன் என்பதற்கு எப்படிச் சாட்சியாகும் என்று கேட்டார்.

"ஒவ்வொரு கிளையிலும் ஒரு கதை சொல்கிறார்கள்" என்றார். "எல்லாவற்றையும் நம்பினால் நான் எழுதுவது சரித்திரமாக இருக்காது. ஏதாவது காட்டுங்கள், மாற்றுகிறேன். புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது."

மத்தியானம் ஆலிவர் எனக்கும் சேர்த்து மீட் பை என்கிற, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கி வந்திருந்தார். உள்ளே கறியும் சீஸும் கொதித்தன; அவசரப்பட்டுக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். கோபமாக இருக்கும்போது சாப்பிடக் கூடாத பண்டம் அது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தவமலர் சொன்னாள்: "அவர் கேக்கிறதும் நியாயம்தான் அக்கா. ஆனா இதை விடேலாது. நாளைக்குப் பக்குரங்காவுக்குப் போவம். மார்கரெட் எண்டு ஒரு மனுசி, பழைய தலைமையாசிரியை. அவவிட்ட நாதன்ட பழைய பதிப்பு ஒண்டு கிடக்கு. கண்காட்சிக்குத் தாறன் எண்டவ. முதல்ல அதை வாசிச்சுப் பாப்பம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: சென்னையில் எங்களிடம் இருப்பது பின்னால் வந்த பதிப்புகள்தான். அவற்றில் பயிற்சி வாக்கியங்களை யாரோ முழுக்க மாற்றிவிட்டார்கள். முதல் பதிப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை பக்குரங்கா. கடைவளாகத்துக்குப் பின்னால் ஒரே மாதிரி வீடுகள், ஒரே உயரத்துக்கு வெட்டிய புல். மார்கரெட்டுக்கு எண்பது தாண்டியிருந்தது. நெடுநெடுவென்று நிமிர்ந்த உடம்பு. எங்களை உட்காரவைத்து, வெண்ணெயில் சுட்ட ஸ்கோனையும், சந்தேகமே வேண்டாம், ஃபீஜோவா ஜாமையும் வைத்தார். அந்தப் புத்தகத்தைச் சிறுமியாகப் படித்தவர், பிறகு அதையே பல வருஷம் சொல்லிக்கொடுத்தவர். புத்தகத்தின் முதுகுத் துணி நைந்து போயிருந்தது. நான் அதை எடுத்து முதல் பயிற்சியைப் புரட்டினேன்.

"ராபர்ட் செருப்பை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தான்."

இன்னொரு பக்கம். "மேரி தினமும் சூரியன் உதிக்குமுன் வாசற்படியில் ஒரு கோலத்தை வரைகிறாள்." ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்று இருந்தது. நான் கோலம் என்றுதான் படித்தேன்.

"என் மாமா ஆறுவதற்காகக் காப்பியை உயரத்திலிருந்து ஊற்றுகிறார்." "குழந்தைக்குக் காது குத்தும்போது தாயின் சகோதரன் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தவமலர் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு என் தோளில் சாய்ந்து சிரித்தாள். லண்டனில் யாரோ ஒரு புண்ணியவான் ராமனை ராபர்ட்டாகவும் மீனாவை மேரியாகவும் மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறார். ராபர்ட் என்ன செய்கிறான் என்று அவர் பார்க்கவே இல்லை.

மார்கரெட்டுக்கு எங்கள் சிரிப்பு புரியவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கண் அகன்றுகொண்டே போயிற்று. அவர்கள் வகுப்பில் ராபர்ட்டுக்குப் புத்தி சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தார்களாம். மழையில் செருப்பை யாராவது வெளியே விடுவார்களா? இந்த மேரி எழுந்திருப்பதைப் பார்த்து, மார்கரெட்டும் ஒரு நாள் விடியுமுன் எழுந்து வாசலில் சாக்குக்கட்டியால் படம் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒன்றே ஒன்றைத்தான் நான் அந்த ஆளுக்கு மன்னித்ததில்லை" என்றார் மார்கரெட். ஒரு பக்கத்தைத் தானே எடுத்துக் காட்டினார். "கூஸ்பெரி தின்ற பிறகு தண்ணீர் இனிக்கும்." அதைச் சோதித்துப் பார்க்க வகுப்பே கிளம்பியிருக்கிறது. தோட்டத்து கூஸ்பெரியைத் தின்று தண்ணீர் குடித்தார்கள். இனிக்கவில்லை. அந்தக் காலத்தில் கிவி பழத்துக்குச் சைனீஸ் கூஸ்பெரி என்று பெயர். அதையும் தின்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. ஆசிரியையிடம் போய் நாதன் பொய் சொல்கிறார் என்றிருக்கிறார் மார்கரெட். வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார் என்று பதில் வந்ததாம்.

எனக்கும் தவமலருக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்த வார்த்தை நெல்லிக்காய். ஆங்கிலத்தில் அதற்கும் கூஸ்பெரி என்றுதான் பெயர், இந்தியன் கூஸ்பெரி.

ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்காய் வேட்டை. திரும்பவும் பாபடோயிட்டோய். பழமாக இந்த நாட்டுக்குள் வராது, உறையவைத்ததாக வரலாம் என்றாள் தவமலர். கடை கடையாக ஏறினோம். நெல்லி ஊறுகாய் இருந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய நெல்லி இருந்தது. நெல்லிப் பொடி, நெல்லி மிட்டாய், நெல்லி ஷாம்பு, நெல்லித் தைலம். தலையில் தேய்க்க எத்தனை வகை வேண்டுமானாலும் கிடைத்தது, கடித்துத் தின்ன ஒன்றுகூட இல்லை. வேறு பேட்டைக்குப் போகலாம் என்று காரில் ஏறினால் அது கிளம்பவில்லை. விளக்கை அணைக்க மறந்து பேட்டரி இறங்கிவிட்டது.

எதிரே தேவாலயம் விட்டு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை, பெண்கள் தலையில் வெள்ளைத் தொப்பி, ஆண்கள் இடுப்பில் நம் வேட்டி மாதிரியே ஒரு துணி. சமோவாக்காரர்கள். மலை மாதிரி ஒருவர் கூப்பிடாமலே வந்து, தன் வண்டியை முட்டக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பியை மாட்டி எங்கள் காரை உயிர்ப்பித்தார். கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தவமலர் காரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. சும்மா நிற்பானேன் என்று நான் மட்டும் எதிரே இருந்த கடைக்குள் நுழைந்தேன். மீன்கடை என்று பலகையைப் பார்த்து நாங்கள் தாண்டிப் போயிருந்த கடை.

ஒரு பக்கம் மீன்தான். மறு பக்கத்துப் பெட்டியில் முருங்கைக்காய், வெண்டைக்காய், தேங்காய்த் துருவல். அதற்கும் அடியில், பனி பூத்துப்போய், பச்சையாக, உருண்டையாக, ஒரு பை நெல்லிக்காய். இருந்த பைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தபோது, காருக்குள்ளிருந்து தவமலர் கைதட்டினாள்.

திங்கட்கிழமை மாலை விழா. ஆபீஸின் பெரிய கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பழைய ஊழியர்கள், புத்தகக் கடைக்காரர்கள், நிறைய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கிளைத் தலைவர் வரவேற்றார். ஆலிவர் அட்டை கட்டிய தொழிலாளியின் கதையை அழகாகச் சொன்னார். சொல்ல வேண்டும், நன்றாகவே சொன்னார். அந்த மனைவி கேட்ட கேள்வியைச் சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது. அதுவும் என் கம்பெனிதானே.

என் முறை வந்தது. சென்னையில் எழுதித் திருத்தி எடுத்து வந்திருந்த உரையைக் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டேன். மார்கரெட்டின் புத்தகத்தைத் திறந்து, "ராபர்ட் செருப்பை வெளியே விட்டுவிட்டு" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியைக் கூடம் சொல்லி முடித்தது. வெள்ளைத் தலைகள் எல்லாம் ஒரே குரலில், வகுப்பில் ஒப்பிப்பது போல. மேரி வாக்கியத்துக்கும் அப்படியே. காப்பி மாமாவுக்கு ஒருவர் கையைத் தூக்கி ஊற்றியே காட்டினார். இவ்வளவு தூரத்தில், வேறு கடலுக்குப் பக்கத்தில், திருவல்லிக்கேணி வீட்டு வாசலையும் கூடத்தையும் மனப்பாடமாகச் சொல்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்று யார் எனக்குச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்த வீட்டில் இவை எல்லாம் ஏன் நடந்தன, எந்த ஊரில் நடந்தன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கடைசியில் நெல்லிக்காய். தவமலர் தட்டில் கொண்டுவந்தாள். மார்கரெட் முதல் ஆளாக எழுந்தார். ஒரு துண்டை வாயில் போட்டதும் முகம் அஷ்டகோணலாயிற்று. புளிப்பும் துவர்ப்பும் அவருக்குப் புதிது. விடாமல் மென்று விழுங்கினார். நான் தண்ணீரை நீட்டினேன். ஒரு மடக்கு குடித்தார். நிறுத்தினார். இன்னொரு மடக்கு. பிறகு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஏதாவது கலந்திருக்கிறதா என்று.

"இனிக்கிறது" என்றார்.

கூடமே எழுந்து வந்தது. தட்டு காலியாகிக்கொண்டிருந்தபோது ஆலிவரும் ஒரு துண்டு எடுத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வேலை அது. இந்தியாவில் பல வருஷம் இருந்து திரும்பிய ஓர் ஆங்கிலேயர்கூட இதையெல்லாம் எழுதியிருக்கலாமே என்றார். கோலத்தைப் பார்த்திருப்பார், செருப்பைப் பார்த்திருப்பார்.

"பார்த்திருப்பார்" என்றேன். "ஆனால் இந்தக் காயைத் துரைகள் கடித்துத் தின்றதில்லை. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு, பானைத் தண்ணீரைக் குடித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இது. அங்கே வேலை பார்த்தால் போதாது. அங்கே சின்னப் பையனாக இருந்திருக்க வேண்டும்."

ஆலிவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, விசுவநாதன் என்பதை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். ஓர் எழுத்துகூட விடாமல் சொன்னேன். தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் எழுதுவேன் என்றார்: மெட்ராஸ் கிளை இவரைத் தன்னவர் என்று எப்போதும் சொல்லிவந்தது, புத்தகத்தின் வாக்கியங்கள் அதற்குச் சாட்சி. டெவன்காரரையும் நாயையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் அப்படிக் கேள்வி கேட்காமல் தலையாட்டியிருந்தால் இந்தப் பெருமையில் பாதிதான் எனக்குக் கிடைத்திருக்கும்.

காரில் போகும்போது தவமலர் சொன்னாள்: "எங்கட ஆக்கள் இஞ்ச வந்து கொஞ்சக் காலம்தான் எண்டு நான் நினைச்சிருந்தன் அக்கா. எங்களுக்கு முதல் அந்த மனுசன் வந்து, இவையளின்ர பிள்ளையளுக்கு இங்கிலீஷ் படிப்பிச்சிருக்கிறார்." ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மகனிடமும் அதையே சொன்னாள். அவன் இங்கே பிறந்தவன். நிஜமாகவா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, இரண்டாவது தடவை அம்மாவைச் சொல்ல வைத்தான்.

செவ்வாய்க்கிழமை சென்னை ஆபீஸுக்குப் ஃபோன் செய்தேன். அங்கே விடிந்து காப்பி நேரம். சுவரிலிருந்து படத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். ஏன் எதற்கு என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஃபோனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது; யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஆக்லாந்துக் கிளைத் தலைவர் அன்றைக்கே புதுப் பலகை அடிக்கச் சொன்னார். வாசகத்தைத் தவமலரும் நானும் எழுதினோம். சென்னைப் பலகையையும் தீயணைக்கும் கருவிக்குப் பக்கத்திலிருந்து கழற்றி, அட்டை கட்டிய தொழிலாளிக்கு நாலு பலகை தள்ளி, மரப்பெட்டிகள் கப்பல் ஏறிய இடத்தில் மாட்டினோம். அதன் இடம் அதுதான்.

புதன்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். பெட்டியோடு ஆபீஸுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது மார்கரெட் வந்தார். பக்குரங்காவிலிருந்து பஸ் மாறி, தனியாக. நல்ல கோட்டு, காதில் முத்து. படம் எங்கே என்று கேட்டார்.

பலகை முன்னால் கூட்டிப்போனோம். விசுவநாதன் ஆளுயரத்துக்கு நின்றார். மூடிய கழுத்துக் கோட்டு, வட்டக் கண்ணாடி, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, காமிராவை நம்பாத பார்வை. அடியில் முழுப் பெயர். மார்கரெட் கிட்டப்போய்ப் பார்த்தார், இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். தவமலரிடம் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, உதட்டுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டின் நுனியை இழுத்துச் சரிசெய்து, நேராக நின்றார்.

"குட் மார்னிங், மிஸ்டர் விசுவநாதன்."

அப்போது மாலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. அங்கிருந்த எல்லோரும் புத்தகம் திருத்திப் பிழைக்கிறவர்கள். ஒருவரும் அதைத் திருத்தவில்லை.